ஏரிக்கரையில் படிக்காமல் விட்ட கடிதம்

திருவண்ணாமலை,
13.12.1984

அன்புள்ள அண்ணனுக்கு, தங்கை வேதா எழுதுவது.

இந்தக் கடிதத்தை எழுதுவதற்கே முதலில் என்னை மன்னிக்க வேண்டும். எனக்கு யாரும் எழுத வேண்டாம் என்று சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறினீர்கள். இரண்டு வருஷமும் மூன்று மாதமும் அந்தச் சொல்லைக் காப்பாற்றினேன். விலாசம் தெரியாததும் ஒரு காரணம். இப்போது விலாசம் கிடைத்துவிட்டது.

உங்கள் குழுவில் லெஃப்ட் அவுட்டாக ஆடிய சகாதேவன் தீபத்துக்கு ஊருக்கு வந்திருந்தார். பம்பாய்ப் பக்கம் லாரியில் லோடு கொண்டுபோனபோது பிவண்டியில் ஒரு துணிக் குடோன் வாசலில் உங்களைப் பார்த்தாராம். "ஆளு பாதியா எளச்சிட்டான்மா, தாடி வேற. 'டேய் லெஃப்ட் அவுட்டு'னு அவனா கூப்டலன்னா எனுக்கு அடையாளமே தெரிஞ்சிருக்காது"ன்னு சொன்னார். சிகரெட் அட்டையின் பின்னால் எழுதியிருந்த விலாசத்தைக் கொடுத்தார். அம்மா அதை வாங்கி, எழுத்துத் தெரியாவிட்டாலும், இரண்டு பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இங்கே எல்லோரும் இருக்கிறோம். அம்மாவுக்கு இடது கண்ணில் புரை விழுந்திருக்கிறது. அப்பாவுக்கு மார்க்கெட் கமிட்டியில் மூட்டை எடை போடும் வேலை மார்ச்சோடு முடிகிறது. உங்கள் பெயரை அவர் சொல்வதில்லை. ஆனால் ஐப்பசியில் மழை பிடித்ததும் ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே, "சவுக்குக் கழிய யாரு புடுங்கறது இந்த வருசம்?" என்று பொதுவாகக் கேட்டார். பிறகு அவரே குடையை எடுத்துக்கொண்டு வேங்கிக்கால் ஏரிவரைக்கும் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். நீங்கள் ஆடிய காலத்தில் ஏரிக்குத் தண்ணீர் வருமுன் கோல் கழிகளைப் பிடுங்கி நம் வீட்டுப் பின்புறம் சாய்த்து வைப்பீர்கள். அப்பா தினமும் அதில் தடுக்கிக்கொண்டு திட்டுவார். இப்போது திட்ட ஒன்றுமில்லை. கழிகள் அங்கேயே நிற்கின்றன. ஏரி நிரம்பி, தலை மட்டும் ஒரு முழம் வெளியே தெரிகிறது. ஒன்றின்மேல் நீர்க்காகம் உட்கார்ந்து இறக்கையை விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்ததாம்.

எனக்குக் கீழ்பென்னாத்தூரிலிருந்து ஒரு வரன் வந்தது. வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஏன் என்று அம்மா கேட்டு அழுதாள். எனக்கு வேலைக்கு ஆர்டரும் வந்திருக்கிறது. வேலூரில் அரசு அலுவலகத்தில் இளநிலை உதவியாளர். ஜனவரி ஏழாம் தேதிக்குள் சேர வேண்டும். அப்பா அந்தக் காகிதத்தைச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறார். நம் குடும்பத்தில் முதல் பி.ஏ., முதல் சர்க்கார் வேலை. நான் இன்னும் அதைக் கையால் தொடவில்லை.

காரணத்தைச் சொல்லத்தான் எழுதுகிறேன். உங்களுக்குத் தெரிந்ததையும் கொஞ்சம் எழுத வேண்டியிருக்கிறது. நீங்கள் அறிந்தது எந்த இடத்தில் முடிந்து, அறியாதது எந்த இடத்தில் தொடங்குகிறது என்பதை நான் சரியாகக் காட்டியாக வேண்டும்.

எழுபத்து நான்கில் சில்வியோ வந்தபோது நான் எஸ்.எஸ்.எல்.சி. ஆசிரமத்துக்கு வந்த இத்தாலிக்காரர் தியானத்தில் உட்காராமல், காய்ந்த ஏரிக்குள் வெறுங்காலோடு நீங்கள் பந்து ஆடுவதைப் பார்த்துக்கொண்டு தினமும் நின்றார். ஊர் சிரித்தது. பிறகுதான் தெரிந்தது, மொந்தலூனா என்ற சிறிய ஊரின் கால்பந்து கிளப்பில் மைதானத்துக்குச் சுண்ணாம்புக் கோடு போட்டு, ஆட்டக்காரர்களின் பனியன் துவைக்கிற வேலை அவருக்கு என்று. அவர் ஊருக்கும் தலைக்குமேல் ஒரு மலை உண்டாம். ஆறு மாதம் இருந்தார். போகும்போது பன்னிரண்டு பச்சை பனியன்களையும், முருகையனுக்கு ஒரு ஜோடி கையுறையும் விட்டுப் போனார். நம் ஊரில் கையுறை போட்டுக்கொண்டு கோலில் நின்ற முதல் ஆள் முருகையன்தான். வெயிலில்கூடக் கழற்ற மாட்டார். டீக்கடைக் கபாலி, "சோறு துன்னும்போதாவது அவுருடா"ன்னு கத்துவார்.

அதற்குப் பிறகு கடிதங்கள் வந்தன. எளிய இங்கிலீஷ், உள்ளே பேப்பரில் கத்தரித்த படங்கள். குழுவில் யாருக்கும் இங்கிலீஷ் வராததால் என்னைக் கூப்பிட்டீர்கள். பதினோரு ஆண்களுக்கு நடுவில் ஏரிக்கரையில் நின்று, அதைத் தமிழில் படிக்க எனக்குக் கூச்சமாக இருந்தது. குரல் தொண்டையிலேயே நின்றுவிடும். அப்போதெல்லாம் நீங்கள் தரையைப் பார்த்துக்கொண்டே, "படிம்மா" என்று ஒரு வார்த்தை சொல்வீர்கள். அது போதும். மறுபடியும் குரல் வந்துவிடும்.

மொந்தலூனா அப்போது இத்தாலி லீக்கில் நாலாம் வரிசையில் இருந்தது. அவர்கள் கோல்கீப்பர் புரூனோ தபால்காரர். கேப்டன் ரொட்டி சுடுகிறவர். காலையில் வேலை, மாலையில் பந்து. ஊரில் ஓடு செய்கிற ஆலைக்காரர் ஒருவர் கிளப்பைக் கையில் எடுத்தார். எழுபத்தைந்தில் மூன்றாம் வரிசை. எழுபத்தேழில் இரண்டாவது. அந்த வெற்றியன்று அவர்கள் கோயில் மணியை இருட்டும்வரை அடித்தார்களாம். எழுபத்தொன்பதில் முதல் வரிசைக்கே ஏறிவிட்டார்கள். முப்பதாயிரம் பேர் இருக்கிற ஊர், லட்சக்கணக்கில் ஜனம் உள்ள நகரங்களோடு மோதப் போகிறது என்று அவர் எழுதிய கடிதத்தை நான் மூன்று முறை படிக்க வேண்டியிருந்தது. அவர்கள் ஏற ஏற நீங்களும் ஏறினீர்கள். தாலுகா, பிறகு போளூர், ஆரணி, பிறகு வேலூர். மொந்தலூனா ஜெயித்ததாகக் கடிதம் வந்தால் கபாலி இரட்டைப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, சில்லை நம் எல்லோருக்கும் கொடுப்பார். "இத்தாலிக்காரன் ஜெயிச்சதுக்கு நம்ம புள்ளையாருக்கு இன்னாய்யா தெரியும்?"னு ஒருவர் கேட்டதற்கு, "பொண்ணு தமிழ்லதானே படிச்சுது, அவரு கேட்டுக்கினுதான் இருந்தாரு"ன்னார். அன்று நீங்கள் எல்லோரும் சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

அண்ணா, உங்களுக்குத் தெரிந்தது இதோடு முடிகிறது.

எண்பது பொங்கலுக்கு வேலூர் டோர்னமென்டில் தோற்றுவிட்டு வந்தீர்கள். ஐந்து கோல். மறுநாள் சில்வியோவின் கடிதம் வந்தது. நீங்களே கரைக்கு என்னை அழைத்துப் போனீர்கள். நான் உறையைப் பிரித்தேன். மொந்தலூனா முதல் வரிசையில் தொடர்ந்து ஏழு ஆட்டம் தோற்றிருந்தது. கடைசி இடம். சொந்த ஊர் ஜனமே ஆட்டக்காரர்கள்மீது ஆரஞ்சுப் பழத்தை வீசுகிறது என்று எழுதியிருந்தார். நான் நிமிர்ந்து பார்த்தேன். பதினோரு முகங்கள். முருகையன் கையுறையை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். எனக்குக் குரல் வரவில்லை. நீங்கள் "படிம்மா" என்றீர்கள். நான், ஜெயித்துவிட்டார்கள் என்று படித்தேன். இரண்டுக்கு ஒன்று. யார் கோல் போட்டார் என்றுகூடச் சொன்னேன்.

கபாலி தேங்காய் உடைத்தார். அந்தச் சில்லை நானும் தின்றேன்.

ஒரே ஒரு தடவை என்றுதான் நினைத்தேன். அடுத்த கடிதத்தில் அவர்கள் உண்மையிலேயே ஜெயித்துவிட்டால் சரியாகிவிடும் என்று எண்ணினேன். ஜெயிக்கவில்லை. அதற்கடுத்ததிலும் இல்லை. ஒருமுறை ஜெயித்தவர்களைத் திடீரென்று கடைசி இடத்தில் எப்படி வைப்பது? ஆகவே இரண்டாம் இடத்துக்கு ஏற்றினேன். கடிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, அதில் இல்லாததைப் படித்தேன். நீங்கள் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. பார்த்தாலும் என்ன தெரியும்? பி.ஏ. படித்தது நான்தானே.

அந்த ஜூன் மாதம் மில் முதலாளி நம் வீட்டுக்கு வந்தது ஞாபகம் இருக்கும். நாற்காலியில் உட்கார்ந்து, குழுவையே தான் எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். பதினோரு பேருக்கும் வேர்க்கடலை உடைக்கிற தன் மல்லாட்டை மில்லில் வேலை, பெயருக்குத்தான் வேலை, காலையும் மாலையும் பந்து, மற்ற வேலைகளை எல்லோரும் விட்டுவிட வேண்டும். அதே வாரம் முருகையனுக்குப் பஸ் கண்டக்டர் வேலைக்கு ஆர்டர் வந்திருந்தது. பதினைந்து நாளில் சேர வேண்டும். அதே வாரம் சில்வியோவின் கடிதமும் வந்தது.

அதில் இருந்ததை இப்போது உள்ளபடி எழுதுகிறேன். மொந்தலூனா முதல் வரிசையிலிருந்து இறங்கிவிட்டது. ஓட்டு ஆலை மூடிவிட்டது. மேலே ஏறியபோது முதலாளி சொன்னார் என்று எல்லோரும் சொந்த வேலையை விட்டிருந்தார்கள். ரொட்டி அடுப்பை வேறு யாரோ எடுத்துக்கொண்டார்கள். "எங்கள் புரூனோ தினமும் காலையில் தபால் நிலையத்துக்கு எதிரே போய் நிற்கிறான். அவனுடைய பை இப்போது இன்னொருவன் தோளில் இருக்கிறது. அவன் பழைய தெருக்களின் வழியே அந்தப் பை போவதைப் பார்க்கிறான்" என்று எழுதியிருந்தார். கடைசியில் கோடு போட்டு, "வேதா, உங்கள் ஆட்களிடம் சொல். யார் வந்து என்ன சொன்னாலும் வேலையை விட வேண்டாம். பந்து மாலைக்கு மட்டும். முருகையனிடம் முதலில் சொல்" என்று இருந்தது. முருகையன் கண்டக்டர் வேலைக்கு எழுதிப் போட்டிருப்பதை நான்தான் முன்பு அவருக்கு எழுதியிருந்தேன்.

இதை நான் எப்படிப் படிப்பது? என் கணக்கில் மொந்தலூனா இரண்டாம் இடத்தில் இருந்தது. இதைப் படித்தால் ஐந்து மாதமாக நான் படித்தது அத்தனையும் பொய் என்று சொல்ல வேண்டும். அன்று கரையில் நிற்கும்போது, சொல்லிவிடலாம் என்று இரண்டு முறை வாயைத் திறந்தேன். அப்போது முருகையன் என்னைக் கேட்டார். நன்றாக ஞாபகம் இருக்கிறது, கையில் அந்த ஆர்டர் இருந்தது. "தங்கச்சி, அந்த ஊர்ல ஆடறவங்க வேற வேல பாக்கறாங்களா, இல்ல பந்து மட்டும்தானா?"ன்னார்.

பந்து மட்டும்தான் அண்ணா, எல்லாத்தையும் கம்பெனி பார்த்துக்கொள்கிறது, நன்றாக இருக்கிறார்கள் என்று அவரிடம் சொன்னேன்.

நீங்கள் அவர் தோளில் கை வைத்து, "கேட்டுக்கினியா? அப்புறம் இன்னா யோசன?" என்றீர்கள். அந்த ஒரு வாக்கியத்தைத்தான் ஊர் பிற்பாடு உங்கள் தலையில் கட்டியது. அதற்கு முந்தின வாக்கியம் என்னுடையது. முருகையன் வீட்டில் அவர் அம்மா வள்ளி, ஆர்டர் வந்த வேலையை எவனாவது விடுவானா என்று சண்டை போட்டதாகவும், "படிச்ச பொண்ணு படிச்சி சொல்லுது, உனுக்கு இன்னா தெரியும்"னு இவர் வாயை அடைத்ததாகவும் சகாதேவன் ஒருமுறை சிரித்துக்கொண்டே சொன்னார். நான் எழுந்து உள்ளே போய்விட்டேன்.

எண்பத்தொன்றில் வேலூர்க் கோப்பை வாங்கி வந்தீர்கள். கோபுர வாசலிலிருந்து மேளத்தோடு வந்தீர்கள். அப்பா வேட்டி மாற்றிக்கொண்டு தெருமுனைக்கு வந்து நின்றார். அன்று நான், என் பொய் நல்லதைத்தான் செய்தது என்று நம்பினேன். அண்ணா, அப்படி நம்பியதற்காகத்தான் என்னை நான் அதிகமாக வெறுக்கிறேன். அடுத்த வருஷம் இத்தாலி உலகக் கோப்பை வாங்கியபோது கபாலி பேப்பரைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்து, நம்ம மொந்தலூனா ஆளு எத்தனை பேர் இதில் என்று கேட்டார். ஒருவர் என்றேன். அந்த மாதம் மொந்தலூனா மூன்றாம் வரிசைக்கு விழுந்திருந்தது.

வேலூர்க் கோப்பைக்குப் பிறகு இங்கே நடந்தது உங்களுக்குத் தெரியும். மழை பொய்த்தது, மல்லாட்டை வரத்து கம்மி ஆயிற்று. திண்டிவனம் ஃபைனலில் தோற்றீர்கள். முதலாளி அதற்குப் பிறகு மைதானத்துப் பக்கமே வரவில்லை. பெயருக்கு இருந்த வேலை உண்மை வேலை ஆயிற்று. உங்களை மூட்டை தூக்கவிட்டார். முருகையனை உடைக்கிற மெஷினில் நிறுத்தினார். ஆடி மாதக் கடைசியில் பெல்ட் அவர் வலது கையை இழுத்துக்கொண்டது. கட்டைவிரல் தவிர நான்கு விரலும் போயிற்று. வள்ளியம்மா நம் வாசலில் வந்து நின்று, தெருவே கேட்க, "எம் புள்ள கைய கொண்டாந்து குடுடா"ன்னு உங்களைப் பார்த்துக் கத்தினாள். நீங்கள் தலைகுனிந்து நின்றீர்கள். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். தாழ்ப்பாள் என் கையில்தான் இருந்தது. அதைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அடுத்த வாரம் நீங்கள் போய்விட்டீர்கள்.

நான் உள்ளபடி படித்திருந்தாலும் முருகையன் மில்லுக்குத்தான் போயிருப்பார் என்று எனக்கு நானே எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தேன். இருக்கலாம். ஆனால் அவர் என்னைக் கேட்டார். கேட்ட பிறகுதான் முடிவெடுத்தார்.

அவர் இப்போது கிழக்குக் கோபுரத்துக்குப் பக்கத்தில் சைக்கிள் ஸ்டாண்டில் டோக்கன் கொடுக்கிறார். இடது கையால் கொடுக்கிறார். வலது கையில் அந்தப் பழைய கையுறை. விரல்களுக்குள் துணி அடைத்திருக்கிறார். சைக்கிள் விட வருகிறவர்களில் சிலருக்கு உள்ளே விரல் இல்லை என்பது தெரியாது. போன மாதம் என்னைப் பார்த்து, "இன்னா தங்கச்சி, சில்வியோ லெட்டர் போட்டாரா? நம்ம ஆளுங்க எப்பிடி ஆடறாங்க?"ன்னு கேட்டார். கிண்டல் இல்லை. உண்மையாகவே கேட்டார். ஆடுகிறார்கள் அண்ணா என்று சொல்லிவிட்டு வேகமாக வந்துவிட்டேன்.

அடுத்த வாரமே சில்வியோவின் கடிதம் வந்தது. மொந்தலூனா கிளப்பைப் போன வருஷமே கலைத்துவிட்டார்களாம். மைதானத்தில் இப்போது வாரச் சந்தை நடக்கிறது. கடைசி நாளன்று ஒரு கோல் வலையை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்து வைத்திருக்கிறார். என்ன செய்வதென்று தெரியவில்லையாம், அவர் மனைவி அதைத் தக்காளிக் கொடிக்குக் கட்டிவிட்டாளாம். கடைசியில் இப்படி எழுதியிருக்கிறார்: "என் எல்லாக் கடிதத்துக்கும் நீ பதில் போட்டாய். எண்பது ஜூனில் எழுதியதற்கு மட்டும் ஒரு வார்த்தையும் எழுதவில்லை. அது உனக்குக் கிடைத்ததா? அவர்களுக்குப் படித்துக் காட்டினாயா? முருகையன் பஸ்ஸில் விசில் ஊதுகிறானா? எங்கள் ஊரில் யாரையும் காப்பாற்ற முடியாவிட்டாலும் ஒருவனையாவது உங்கள் ஊரில் காப்பாற்றினேன் என்று நினைத்துக்கொள்ள ஆசையாக இருக்கிறது."

இதற்கு நான் என்ன பதில் எழுதுவது அண்ணா?

அந்த ஜூன் மாதக் கடிதத்தை இதோடு வைத்திருக்கிறேன். இங்கிலீஷ் தெரிந்த யாரிடமாவது கொடுத்துப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். நான் எழுதியிருப்பதை நம்ப வேண்டாம். இனி யாரும் நான் படிப்பதை அப்படியே நம்பக் கூடாது. கேட்டுவிட்டுக் கிழித்துவிடாதீர்கள், அது எனக்கு வேண்டும். நீங்கள் இரண்டு வருஷமாகச் சுமந்துகொண்டிருப்பது உங்களுடையது இல்லை என்பதற்கு அந்த ஒரு காகிதம்தான் சாட்சி. அம்மாவிடமும் அப்பாவிடமும் நேற்றுச் சொல்லிவிட்டேன். அம்மா அந்தச் சிகரெட் அட்டையை மறுபடியும் கையில் எடுத்துக்கொண்டாள். அப்பா, "அவன் வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லலியே, சொல்லலியே"ன்னு உங்களைப் பற்றித்தான் சொன்னார். உங்கள் பெயரையும் சொன்னார்.

என்னை மன்னியுங்கள் என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை. திட்டி எழுதினால் வாங்கிக்கொள்கிறேன். எழுதாவிட்டாலும் சரி. முதல் வரியிலிருந்து கேட்க நினைத்து, கேட்காமல் தள்ளிக்கொண்டே வந்தது வேறு ஒன்று.

ஜனவரி ஏழாம் தேதிக்கு முன் ஒரே ஒரு நாள் வாருங்கள். வரும்போது அந்தக் கடிதத்தைக் கொண்டுவாருங்கள். என்னை முருகையன் வீட்டுக்கு அழைத்துப் போங்கள். தனியாகப் போக மூன்று முறை கிளம்பி, சைக்கிள் ஸ்டாண்டுவரை போய்த் திரும்பிவிட்டேன். நீங்கள் ஒன்றும் பேச வேண்டாம். வள்ளியம்மா பேசுவதை இந்தத் தடவை நான் கேட்டுக்கொள்கிறேன். அவர்கள் வாசலில் நின்று, முருகையனுக்கு எதிரில், அதை நான் முதலிலிருந்து கடைசிவரை உள்ளபடி படிக்க வேண்டும். நடுவில் என் குரல் நின்றுபோகும். எனக்குத் தெரியும், நிச்சயம் நின்றுபோகும். அப்போது தரையைப் பார்த்துக்கொண்டே, பழையபடி, "படிம்மா" என்று ஒரு வார்த்தை மட்டும் சொல்லுங்கள் அண்ணா.

இப்படிக்கு,
உங்கள் தங்கை
வேதா